கடைசித் தேதி: இன்று

அசுன்சியோன் நகர மர வாரியத்தின் இணையதளத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. இதை அர்செனியோ ஒவெலார் தெரெரே என்ற குளிர்ந்த இலைப்பானம் குடிக்கும்போது சொல்வார், கழிப்பறை வாசலில் கை துடைத்துக்கொண்டே சொல்வார். பழைய இயக்குநரின் சவ ஊர்வலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் பக்கத்தில் தோள் கொடுத்தவரிடம் சொன்னார். அந்த மனிதர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “அப்படியா?” என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

அர்செனியோவை எல்லோரும் இன்ஜினீயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கியிருந்தாரா என்று கேட்டால் அது கொஞ்சம் சிக்கலான கதை. இத்தாவ்குவாவிலிருந்து தலைநகருக்கு வந்து கணினி படித்தார். பரீட்சைகளையெல்லாம் எழுதினார். கடைசியில் ஓர் ஆய்வேடு கொடுக்க வேண்டும். அதை மட்டும் கொடுக்கவில்லை. தலைப்பு வைத்திருந்தார், அட்டைகூட அச்சடித்து வைத்திருந்தார். உள்ளே வைக்கத் தாள்தான் இல்லை. அந்த ஊரில் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தால் போதும், பட்டத்தை யாரும் எடுத்துக்காட்டச் சொல்வதில்லை.

வாரியத்தில் அவருக்கு வேலை கிடைத்தது, ஞானஸ்நானத்தின்போது அவரைக் கையில் ஏந்திய ஞானத்தந்தையால். ஞானத்தந்தை கட்சியில் ஒரு வட்டாரத்தைக் கையில் வைத்திருந்தவர். ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்த வகையில் மர வாரியம் அவருக்கு ஒரு நாற்காலி கடன்பட்டிருந்தது. அந்த நாற்காலியில் அர்செனியோ உட்கார்ந்தார். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தம் முடியும், ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப்பிப்பார்கள். இடைப்பட்ட வாரங்களில் அர்செனியோ எல்லோருக்கும் பணிவாகக் கதவைத் திறந்துவிடுவார்.

அவர் சேர்ந்த புதிதில் வாரியத்துக்கு ஓர் இணையதள மென்பொருள் வாங்கினார்கள். விற்றவர்கள் நிறுவிக் கொடுத்துவிட்டு, கைகுலுக்கி, போனை எடுக்காத இடத்துக்குப் போய்விட்டார்கள். அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு விண்ணப்பப் படிவம் மாதிரி. தலைப்புக்கு ஒரு கட்டம், விவரத்துக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம். உள்ளே ஒருத்தி உட்கார்ந்து கட்டங்களை நிரப்புவாள். வெளியே யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தால், சர்வரில் இருக்கும் கோடு, அதாவது கணினி நிரல், கட்டங்களை வாசித்து, அழகாக அடுக்கி, அவர் கண் முன்னால் வைக்கும். கட்டத்தை வாசிக்கும் அந்த நாலைந்து வரிகளை எழுதத்தான் அர்செனியோ கற்றுக்கொண்டார். வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சிலர் ஒரே பாட்டை வைத்துக்கொண்டு எல்லாக் கல்யாணத்துக்கும் போவார்களே, அந்த மாதிரி.

கட்டங்களை நிரப்புபவள் லிப்ராதா சனாப்ரியா. அவளும் ஒப்பந்தம்தான். அவளுடைய வாய்க்குப் பயந்தே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

காலிக் கட்டத்தோடு அர்செனியோவுக்குப் பகை உண்டானது ஓர் அமைச்சர் வந்த அன்றைக்கு. இயக்குநர் குபீயா அம்மாள் சட்டம் படித்தவர். சட்டம் படித்தவர்களை அங்கே டாக்டர் என்பார்கள். டாக்டரம்மா பெரிய திரையில் இணையதளத்தைத் திறந்து, இலவச மரக்கன்று வழங்கும் பக்கத்தை அமைச்சருக்குக் காட்டினார். ‘கடைசித் தேதி:’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. லிப்ராதா நிரப்ப மறந்திருந்தாள். அமைச்சர் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

அமைச்சர் போனதும் டாக்டரம்மா அர்செனியோவைக் கூப்பிட்டார்.

“என்னய்யா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி இளிச்சுக்கிட்டு நிக்குது?”

“லிப்ராதா தேதி போடலைங்க டாக்டரம்மா.”

“அவ போடுவா, போடாமப் போவா. எனக்கு அதெல்லாம் தெரியாது. என் வெப்சைட்ல இனிமே ஓட்டையே இருக்கக் கூடாது.”

வேறொருவராக இருந்தால், நிரப்பாமல் விட்டால் பக்கத்தை வெளியிட முடியாதபடி செய்திருப்பார். அதற்கு இன்னொரு பாட்டு தெரிந்திருக்க வேண்டும். அர்செனியோ தெரிந்த பாட்டையே கொஞ்சம் நீட்டினார். சர்வர் முதலில் அந்தப் பக்கத்தின் கட்டத்தை வாசிக்கும். காலியாக இருந்தால், அதற்கு மேலே உள்ள தாய்ப் பக்கத்தில் அதே கட்டத்தை வாசித்து, அதில் இருப்பதை எடுத்துப் போடும். அதுவும் காலியாக இருந்து, அது தேதிக் கட்டமாகவும் இருந்தால், அன்றைய தேதியைப் போட்டுவிடும். பல் விழுந்த வாய்க்கு அடுத்த வீட்டுக்காரரின் பல்லைப் பிடுங்கி ஒட்டுகிற வைத்தியம். டாக்டரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அர்செனியோவுக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார். அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார், மேசைக்கு எதிரே. தான் பார்க்க.

வைத்தியம் வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு புயலில் பல்கலைக்கழகத் தெருவின் பழைய லபாச்சோ மரம் வேரோடு சாய்ந்து ஒரு டெம்போவை நசுக்கியது. அந்த மரத்துக்கென்று ஒரு பக்கம் இருந்தது. லிப்ராதா ‘நிலை’ கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, என்ன எழுதுவது என்று கேட்க மேலே போனாள். மேலே இருந்தவர்கள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். சர்வர் தூங்கவில்லை. எல்லா லபாச்சோக்களுக்குமான தாய்ப் பக்கத்துக்குப் போய் வாசித்துவிட்டு வந்து, செத்த மரத்தைப் பற்றி ‘பூத்துக் குலுங்குகிறது’ என்று அறிவித்தது. டெம்போக்காரர் அதைக் காகிதத்தில் அச்செடுத்து, நசுங்கிய கண்ணாடியில் ஒட்டிவைத்தார்.

“இன்ஜினீயரே, உங்க மரம் டெம்போ மேல படுத்துக்கிட்டே பூக்குதாம். பாத்தீங்களா?” என்றாள் லிப்ராதா, தெரெரே இலை போட்ட கொம்புக் குவளையில் ஐஸ் நீர் ஊற்றிக்கொண்டே.

“கோடு சரியாத்தான் இருக்கு. மரந்தான் விழுந்துடுச்சு.”

“அப்ப மரத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்க.”

அர்செனியோ சிரிக்கவில்லை. குவளையை வாங்கி உறிஞ்சிவிட்டு, நன்றி சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தமாகிவிடும், அடுத்த சுற்றில் குவளை வராது. இந்த ஒரு விஷயத்தில் அவர் எப்போதும் கவனமாக இருந்தார்.

இப்படியொரு மனிதரின் வாழ்க்கையில் மாமியார் எங்கே வருகிறார் என்றால், இங்கேதான் வருகிறார்.

ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. பெயர், பிரிவு, பணி நிலை. ஒப்பந்தக்காரர்களின் பக்கங்களைச் செய்தபோது லிப்ராதா ‘பணி நிலை’யைக் காலியாக விட்டாள். ‘எந்த டிசம்பரிலும் துரத்தலாம்’ என்று எழுதக் கட்டம் போதாது என்பது அவள் சொன்ன காரணம். மேலே இருந்த தாய்ப் பக்கம் டாக்டரம்மாவுடையது. அதில் ‘நிரந்தரம்’ என்று இருந்தது. ஆகவே காவலாளி, தோட்டக்காரர், லிப்ராதா, அர்செனியோ எல்லோரும் உலகத்தின் பார்வையில் நிரந்தரமானார்கள். யாரும் குறை சொல்லவில்லை. நிரந்தரமாகிவிட்டோம் என்று யார் புகார் கொடுப்பார்கள்?

அர்செனியோ மிர்னாவைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டோடு இருந்தார். மாமியார் ஞா தெல்பினா ஒப்பந்தக்கார மருமகனைப் பற்றிச் சந்தையில் எல்லாரிடமும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவர். வயதில் மூத்த பெண்களை அங்கே மரியாதையாக ஞா என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் இணையதளத்தைத் திறந்து மருமகனின் பக்கத்தைப் பார்த்தார். பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

“ஏம்பா, நிரந்தரமாயிட்டியாமே! வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே?”

அர்செனியோ போனை வாங்கிப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று உலகத்திலேயே அவருக்குத்தான் தெரியும். அவர் எழுதிய வரி, டாக்டரம்மாவின் கட்டத்தை வாசித்துவிட்டு வந்து அவர் பெயருக்குக் கீழே வைத்திருந்தது. உண்மையைச் சொல்ல ஒரே ஒரு நொடி போதும். அந்த நொடி காலியாக வந்தது. அர்செனியோ காலியாக விடுகிறவரா?

“உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன் அத்தே,” என்றார்.

அடுத்த ஞாயிறு மாட்டு விலா சுட்டார்கள். சோள அடை பெரிய தட்டில் வந்தது. தெருவே சாப்பிட்டது. அன்றிலிருந்து மாமியார் அவருக்கு மேசையின் தலைப்பக்க நாற்காலியைக் கொடுத்தார். விலாவின் கொழுப்புப் பக்கம் அவர் தட்டுக்கு வந்தது. சந்தேகப்பட்டவர்கள் மூக்குக்கு நேராக மாமியார் போனைத் திறந்து காட்டுவார். மிர்னாவுக்கு மட்டும் ஏதோ நெருடியது. வருஷக் கடைசியில் இந்த மனிதர் ஏன் தூக்கத்தில் கதவைத் திறந்துவிடுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

சில வருடங்கள் இப்படியே சுகமாகப் போயின. பிறகு ஒரு புது அரசு விதி வந்தது. டிசம்பரோடு எல்லா ஒப்பந்தங்களும் முடிகின்றன. வேண்டுமானால் பொதுப் போட்டியில் கலந்து நிரந்தரமாகலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். இணையதளப் பிரிவுக்கு ஒரே ஓர் இடம். போட்டியின் அறிவிப்பை வாரியத்தின் தளத்தில் வெளியிட வேண்டும். தளத்தில் இருப்பதே சட்டப்படி செல்லும்.

அர்செனியோ காலண்டரை எடுத்து நாட்களை எண்ணினார். டிசம்பருக்குள் தன் பொய்யை உண்மையாக்கியாக வேண்டும். இல்லையென்றால் வேலையும் போகும், தலைப்பக்க நாற்காலியும் போகும். டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார்.

“பயப்படாதீங்க இன்ஜினீயர். அந்த இடம் உங்களுக்குத்தான். வழக்கம்போலப் புதைச்சிடுங்க,” என்றார் டாக்டரம்மா.

புதைப்பது வாரியத்தின் கலை. எதை வெளியிட்டே ஆக வேண்டுமோ, ஆனால் யாரும் பார்க்கக் கூடாதோ, அதை யாரும் திறக்காத ஒரு பக்கத்துக்கு அடியில் வைப்பார்கள். அர்செனியோ ஒரு மணி நேரம் தேடி, முந்தைய இயக்குநர் காலத்து ‘நாற்றங்கால் உரக்கிடங்கு, சுற்றறிக்கைகள்’ என்ற பக்கத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அடியில் போட்டி அறிவிப்பை வைத்தார்.

“கடைசித் தேதி என்ன போடட்டும் டாக்டரம்மா?”

“எதுக்குப் போடணும்? தேதி போட்டாத்தானே ஆள் வருவான்? எவனாவது வந்து கேட்டா, நேத்தோட முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். காலியா விடுங்க.”

“காலியாவா?”

“காலியா.”

வாழ்க்கையிலேயே முதல் முறையாக அர்செனியோ ஒரு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டார். லிப்ராதாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்துக்கு ஒப்புதல் தரச் சொன்னார். உள்ளே யார் எதைத் திருத்தினாலும் லிப்ராதா ஒப்புக்கொண்டால்தான் வெளியே தெரியும். அது அவள் வேலை. அவள் படித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒப்புக்கொண்டாள். அர்செனியோ எழுதும் திரையில் அந்த வெள்ளைக் கட்டத்தை ஒரு முறை ரசித்துப் பார்த்துவிட்டு மூடினார்.

எழுதும் திரையில்தான் பார்த்தார். அந்த வாரியத்தில் எல்லோரும் அப்படித்தான். தளத்தை உள்ளேயிருந்து மட்டும் பார்ப்பார்கள். அமைச்சர் வந்தால் தவிர, பொதுமக்கள் திறக்கிற வாசல் வழியாகப் போய்ப் பார்த்ததாக ஒருவரும் சொன்னதில்லை. வெளிவாசலில் சர்வர் அந்தக் கட்டத்தை வாசித்தது. காலி. தாய்ப் பக்கத்தை வாசித்தது. உரக்கிடங்கில் ஏது தேதி? அர்செனியோ சொல்லிக்கொடுத்தபடியே அன்றைய தேதியை எடுத்துப் போட்டது. மறுநாள் மறுநாளின் தேதியைப் போட்டது.

அதோடு நின்றிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. அர்செனியோ முன்பு டாக்டரம்மாவை மகிழ்விக்க முகப்புப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டை செய்து வைத்திருந்தார். எந்தப் பக்கத்தின் கடைசித் தேதி அன்றைக்கு வருகிறதோ, அதை அந்தப் பட்டை தானே தேடி எடுத்துக் கண் சிமிட்டும்: ‘இன்றே கடைசி!’ அதுவும் கட்டத்தை வாசிப்பது அதே வரிகளால்தான். அவருக்குத்தான் வேறு வரி தெரியாதே. ஆக, உரக்கிடங்குக்கு அடியில் புதைத்த அறிவிப்பு தினமும் காலையில் எழுந்து, வாரியத்தின் நெற்றியில் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

‘நிரந்தர அரசுப் பணி. இன்றே கடைசி!’ இதைப் படித்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கிற ஆள் அந்த நாட்டில் இல்லை. லூக்கேயிலிருந்து வந்தார்கள், லம்பாரேயிலிருந்து வந்தார்கள். மூச்சிரைக்க வந்து, கேட்டருகே இருந்த தபால் சன்னலில் விண்ணப்பக் கவரைக் கொடுத்து, ரசீதில் முத்திரை வாங்கிக்கொண்டு, தப்பித்தோம் என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். சன்னல்காரர் கவர்களைப் பூட்டிய பெட்டியில் போட்டார். பெட்டி நிறைந்ததும் உரச் சாக்குகளில் போட்டார். ஏன் என்று கேட்பது அவர் வேலை இல்லை.

மாம்பழக் காலம் அது. கேட்டிலிருந்து மா மரம் வரை வரிசை நின்றதை அர்செனியோ தினமும் பார்த்தார். கிளை கூரைமேல் விழுகிறது, பழம் காரைக் கெடுக்கிறது என்று புகார் கொடுக்க வந்த கூட்டம் என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் நின்று அறிவுரைகூடச் சொன்னார்.

“இதுக்கெல்லாம் நேர்ல வரணுமா? வெப்சைட்ல எல்லா விவரமும் இருக்கே, பாக்க மாட்டீங்களா?”

“பாத்துட்டுத்தான் சார் ஓடியாந்தோம்,” என்றாள் வரிசையில் ஒருத்தி. “ரொம்பத் தெளிவாப் போட்டிருந்தீங்க.”

அர்செனியோவுக்கு மனம் குளிர்ந்தது. அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

போதிய நாள் புதைந்திருந்தது என்று தோன்றியதும் டாக்டரம்மா, வாரியத்தின் வக்கீலை வைத்துக்கொண்டு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அர்செனியோ முதல் நாளே கொடுத்திருந்த ஒரே ஒரு கவரைப் பிரித்து, ஒரே ஒருவரை வாழ்த்திவிட்டு, மிச்ச நேரத்தில் சாப்பிட இறைச்சி பொதிந்த எம்பனாதா வரவழைத்திருந்தார். பெட்டி வந்தது. அதன் பின்னால் சாக்குகள் வந்தன.

“இதென்ன, உரமா?” என்றார் டாக்டரம்மா.

“கவரும்மா,” என்றார் சன்னல்காரர். “கீழ இன்னும் இருக்கு. ஒரே ஆளு எத்தனையத் தூக்கறது?”

வக்கீல் தன் போனை எடுத்து, பொதுமக்களின் வாசல் வழியாகத் தளத்தைத் திறந்தார். வாரியத்து அதிகாரிகளில் தானாக அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். சிவப்புப் பட்டை கண் சிமிட்டியது. அவர் போனை டாக்டரம்மாவிடம் நீட்டினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு அர்செனியோவிடம் நீட்டினார். அர்செனியோ பார்த்தார். தன் குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனில் பார்த்த தகப்பன் மாதிரி பார்த்தார்.

“இன்னைக்கித்தான் கடைசின்னு போட்டிருக்கு,” என்றார் வக்கீல். “நேத்தும் அப்படித்தான் போட்டிருந்துச்சாம், எங்க ஆபீஸ் பொண்ணு சொன்னா. அவளும் கவர் கொடுத்துட்டா. தளத்துல இருக்கிறதுதான் சட்டம் டாக்டரம்மா. இந்தப் போட்டி இன்னைக்கி முடியும். நாளைக்கும் இன்னைக்கிதான் முடியும். உங்க இன்ஜினீயர் தேதி போடற வரைக்கும் உலகம் முடிஞ்சாலும் இது முடியாது.”

“போய்யா! போய்த் தேதியப் போடுய்யா!” என்று கத்தினார் டாக்டரம்மா. எம்பனாதாத் தட்டு ஆடியது.

அர்செனியோ ஓடினார். எழுதும் திரையைத் திறந்து வெள்ளைக் கட்டத்தில் போன வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டார். வெளியே மாறவில்லை. திருத்தம் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. லிப்ராதாவின் நாற்காலி காலி. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மா மரத்தடி வரிசையில், கையில் கவரோடு, விசிறிக்கொண்டு நின்றாள். படிகளில் தடதடவென்று இறங்கினார்.

“லிப்ராதா! மேல வா, ஒரு ஒப்புதல் பாக்கி. அவசரம்!”

“வரிசைல நிக்கிறேன், கண்ணு தெரியலையா? விட்டுட்டு வந்தா என் இடத்த நீங்க பிடிச்சு வைப்பீங்களா?”

“நீயுமா? உனக்குக் கோடு ஒரு வரி தெரியாதே!”

“உங்களுக்கு ரெண்டாவது வரி தெரியாது. அவ்வளவுதானே வித்தியாசம்?”

வரிசை சிரித்தது. பின்னால் நின்ற ஒருவர், “இன்னைக்கே கடைசியாமே சார், நகருங்க, காத்து வரட்டும்,” என்றார்.

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா? வெளிய தேதி விழறது தெரியுமா?”

“தெரியாம என்ன, தினம் பஸ்ல வரப்ப பாக்கறேன். சிவப்பா, அழகா இருக்கு. உங்க கோடு சரியாத்தான் இருக்குன்னு நெனச்சேன் இன்ஜினீயரே. மரந்தானே எப்பவும் தப்புப் பண்ணும்?”

அவள் கவரைக் கொடுத்து, முத்திரை வாங்கி, அது காயும்வரை ஊதிவிட்டு, நிதானமாக மாடியேறிவந்து ஒப்புதல் கொடுத்தாள். வக்கீல் கூடாதென்று தலையை ஆட்டினார். போன வெள்ளியில் முடிந்தது என்று இன்றைக்கு எழுதினால், முத்திரையோடு நிற்கிற ஒவ்வொருவரும் வழக்குப் போடுவார்கள். ஆகவே கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டு, மறுபடி ஒப்புதல் வாங்கி, போட்டியை மூடினார்கள். சர்வர் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த பொய் அன்று ஒருநாள் உண்மையாயிற்று.

அத்தனை பேர் எழுதும் பரீட்சையை வாரியம் தானே நடத்தினால் நாறிவிடும் என்று மேலிடம் வெளியாட்களை அனுப்பியது. கூடைப்பந்து அரங்கில் நாற்காலி போட்டார்கள். கேள்விகளில் ஒன்று இப்படி இருந்தது: ‘ஒரு பக்கத்தின் தேதிக் கட்டத்தைச் சர்வரில் வாசிக்கும்போது அது காலியாக இருந்தால், வாசகருக்கு என்ன காட்டுவீர்கள்?’

இதில்தான் அர்செனியோவின் அருமை தெரியும். வேறு யாராக இருந்தாலும், பட்ட அடிக்கு, பேனாவைக் கடித்து யோசித்திருப்பார்கள். அர்செனியோ யோசிக்கவில்லை. தப்பு அந்த வரியில் இருந்தது என்று அவருக்கு ஒரு கணமும் தோன்றியதில்லை. டாக்டரம்மா காலியாக விடச் சொன்னார், லிப்ராதா சொல்லாமல் மறைத்தாள், சன்னல்காரர் வாய் திறக்கவில்லை. அவருடைய கோடு மட்டும்தான் தன் கடமையைச் செய்தது. விடைத்தாளில் தன் முறையை முழுவதுமாக, தாய்ப் பக்கத்திலிருந்து இன்றைய தேதி வரை, அடிக்கோடிட்டு எழுதினார். கூடுதல் தாள் வாங்கினார். நற்சான்றிதழின் விவரத்தையும் கடைசியில் சேர்த்தார்.

லூக்கேயிலிருந்து வந்த நில்சா என்பவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘தேதி குறிப்பிடப்படவில்லை என்று காட்டுவேன்.’ அவளுக்கு வேலை கிடைத்தது. ‘வெப்சைட்ல எல்லா விவரமும் இருக்கே’ என்று அர்செனியோ அறிவுரை சொன்ன நாளில், பார்த்துவிட்டுத்தான் ஓடிவந்ததாகச் சொன்னவள் அவள்தான். லிப்ராதா இரண்டாவதாக வந்தாள். வேறொரு வாரியம் அந்தப் பட்டியலைப் பார்த்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. அர்செனியோ எத்தனையாவது என்று தெரியவில்லை. பட்டியலின் அந்தப் பக்கம்வரை யாரும் புரட்டவில்லை.

டிசம்பர் முடிந்தது. ஞானத்தந்தையின் கட்சி வட்டாரம் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. ஜனவரியிலும் அர்செனியோ காலையில் மடிப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஐஸ் நீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்பினார். மாமியார் அவ்வப்போது போனைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். ‘பணி நிலை: நிரந்தரம்.’ அவர் பக்கத்தை எடுக்க வேண்டும் என்று வாரியத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வேலையை விட்டுத் துரத்தியும் தளம் அவரை விடவில்லை. அர்செனியோ பெஞ்சில் உட்கார்ந்து அதையே திறந்து திறந்து பார்ப்பார். என் கோடு என்னைக் கைவிடாது என்று நினைப்பார்.

வேலைக்கு வந்த நில்சா முதலில் கை வைத்தது, காலிக் கட்டத்தை நிரப்பும் அவருடைய அந்த வரியில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. விலா நெருப்பில் இருந்தது. அர்செனியோ தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து அரசாங்க வேலையின் சுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புதிதாகக் குடிவந்த அடுத்த வீட்டுக்காரர், மருமகன் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார். ஞா தெல்பினா இதற்காகத்தான் காத்திருந்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“மர வாரியத்துல. நீங்களே படிச்சுப் பாருங்க. நான் சொன்னா மாமியா பீத்திக்கிறான்னு சொல்லுவீங்க.”

அடுத்த வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். “அர்செனியோ ஒவெலார். பிரிவு, இணையதளம். பணி நிலை…” நிறுத்தினார். “குறிப்பிடப்படவில்லை.”

“சரியாப் பாருங்க.”

“அப்படித்தான் இருக்கும்மா. குறிப்பிடப்படவில்லை.”

ஞா தெல்பினா போனைப் பிடுங்கினார். திரையைத் தேய்த்தார். மூடித் திறந்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். மிர்னா வேறு யாரையும் பார்க்கவில்லை. டிசம்பரில் தூக்கத்தில் கதவைத் திறந்துவிட்ட மனிதரை மட்டும் பார்த்தாள்.

“என்னப்பா இது?”

அர்செனியோவுக்கு முன்னால் மறுபடியும் அந்த வெற்றிடம் வந்து நின்றது. ஒரு மூச்சு அளவு.

“சர்வர்ல ஏதோ கோளாறு அத்தே. இன்னைக்கே சரியாயிடும்.”

“இன்னைக்கே?”

“இன்னைக்கே.”

மாமியார் அடுப்புக்குப் போனார். விலாவை வெட்டினார். கொழுப்புப் பக்கத்தை அடுத்த வீட்டுக்காரரின் தட்டில் வைத்தார். பிறகு தலைப்பக்கத்துக்கு வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

“எந்திரி. குறிப்பிடாத ஆளுக்கெல்லாம் எங்க வீட்டு மேசைல இங்க இடம் குறிப்பிடல. அந்த ஓரத்துல ஸ்டூல் கிடக்கு பாரு. சரியானதும் சொல்லு.”

அர்செனியோ எழுந்து ஸ்டூலுக்குப் போனார். உட்கார்ந்ததும் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சாப்பாடு முடிகிறவரை திறந்துகொண்டே இருந்தார்.